ஆலை இரைச்சலும் நம் காதுகளும்

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலில் வந்து போகிறவர்களுக்கு இந்த வழி மனப்பாடம். போத்தனூர், மதுக்கரை, எட்டிமடை, அடுத்து வாளையார். ஒரு பக்கம் மலையும் காடும், இன்னொரு பக்கம் நெடுஞ்சாலையும் லாரிகளும். அதைத் தாண்டினால் கஞ்சிக்கோடு, பிறகு பாலக்காடு. வாளையார் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது சோதனைச் சாவடிதான். 2017 ஜூலையில் சரக்கு, சேவை வரி வரும் வரைக்கும் அங்கே லாரிகள் வரிசை கட்டி நின்றதை நம்மில் யார்தான் பார்க்கவில்லை!

ஆனால் வாளையார் வெறும் எல்லைக்கோடு அல்ல. அது ஆலைகளின் ஊர். கேரள அரசின் மலபார் சிமெண்ட்ஸ் நிறுவனம் 1978இல் தொடங்கப்பட்டு, வாளையார் ஆலையில் 1984இல் உற்பத்தி ஆரம்பமாயிற்று. பக்கத்துப் பண்டாரத்து மலையின் சுண்ணாம்புக்கல்லை நம்பி எழுந்த ஆலை அது. எல்லைக்கு அந்தப் பக்கம் மதுக்கரையில் 1930களிலிருந்தே சிமெண்ட் ஆலை உண்டு. இந்தப் பக்கம் கஞ்சிக்கோட்டில் 1970களில் மத்திய அரசுத் தொழிற்சாலைகள் வந்தன. பிறகு இரும்பு உருக்கு உலைகள், உருட்டாலைகள், நூற்பாலைகள் என்று ஒரு பெரிய தொழிற்பேட்டையே வளர்ந்துவிட்டது. இவற்றில் வேலை செய்தவர்களில், செய்கிறவர்களில் நம் தமிழ் மக்கள் கணிசம். அவர்களுடைய காதுகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

காதைப் பற்றி என்ன எழுத இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். என் பெரியப்பா ஒருவர் கோவைப் பக்கத்தில் ஒரு மில்லில் தறிக்கூடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றபின் மகன் வீட்டோடு வந்துவிட்டார். “கூப்பிட்டா திரும்ப மாட்டார், அவரைப் பத்திப் பேசினா மட்டும் கேட்கும்” என்று வீட்டில் எல்லோரும் கேலி செய்வோம். அவரும் சிரித்துவிட்டுப் போய்விடுவார். ஒருநாள் தனியாக இருக்கும்போது என்னிடம் சொன்னார்: “சத்தமெல்லாம் கேக்குது கண்ணு. சொல்லுத்தான் புடிபட மாட்டேங்குது.”

அந்த ஒரு வாக்கியத்தில் ஆலை இரைச்சலால் வரும் செவிக்குறையின் இலக்கணமே அடங்கியிருக்கிறது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதன்பிறகு நாங்கள் யாரும் அவரைக் கேலி செய்வதில்லை.

காதுக்குள் நடப்பது என்ன?

நம் ஒவ்வொரு காதின் உட்புறத்திலும் நத்தை ஓடு போன்ற சுருள் ஒன்று இருக்கிறது. அதற்குள் சுமார் 15,000 நுண்மயிர் உயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. வெளியிலிருந்து வரும் ஒலி அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றி மூளைக்கு அனுப்புவது இவைதான். பலத்த இரைச்சலில் இவை களைத்துப் போகின்றன. ஷிப்ட் முடிந்து வெளியே வந்ததும் காதில் ‘ங்ஙொய்’ என்று ரீங்காரம் கேட்பதும், காது அடைத்தாற்போல் இருப்பதும் இந்தக் களைப்பின் அடையாளங்கள். இரவு தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். அதனால்தான் யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் தினம் தினம் களைத்துப் போகும் உயிரணு ஒருநாள் செத்துப் போகிறது. தோல் கிழிந்தால் மீண்டும் வளரும். இந்த உயிரணு மனிதனுக்கு மீண்டும் முளைப்பதில்லை. மாத்திரையாலோ அறுவைச் சிகிச்சையாலோ அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

முதலில் பழுதாவது 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான உச்ச ஒலிகளைக் கேட்கும் பகுதி. இங்கேதான் பெரியப்பா சொன்னது பொருந்தி வருகிறது. பேச்சில் உயிரெழுத்துகள் தாழ்ந்த ஒலியில் பலமாக வருகின்றன. க், ச், ட், த், ப் போன்ற வல்லின மெய்கள் உச்ச ஒலியில் மெலிதாக வருகின்றன. பேச்சுக்குப் பலம் தருவது உயிர். பொருளைப் பிரித்துக் காட்டுவது மெய். உச்ச ஒலி கேட்காதவருக்குத் தட்டு, பட்டு, கட்டு மூன்றும் ஒன்றுபோல்தான் காதில் விழும். ஒருவர் பேசுகிறார் என்பது தெரியும். என்ன பேசுகிறார் என்பது தெரியாது. கூட்டமும் மின்விசிறிச் சத்தமும் உள்ள இடத்தில் நிலைமை இன்னும் மோசம். குழந்தைகளின் குரல் மெல்லியது, உச்சமானது. ஆகவே பேரன் பேத்தியின் பேச்சுத்தான் முதலில் நழுவிப் போகிறது. நாம் உரக்கக் கத்தினாலும் பயனில்லை. கத்தும்போது உயிரெழுத்துத்தான் ஓங்குகிறது. முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசுவதே உதவும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த வியாதியும் அல்ல. தொழில் நோய்களைப் பற்றி 1700இல் நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி, வெனிஸ் நகரத்துச் செப்புத் தட்டார்கள் செவிடாகிப் போவதை அதில் குறித்திருக்கிறார். 1886இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் தாமஸ் பார் என்ற காது மருத்துவர் கொதிகலன் செய்யும் தொழிலாளர் 100 பேரைப் பரிசோதித்தார். பொதுக்கூட்டத்தில் பேசுவதைச் சரியாகக் கேட்க முடியாதவர்களே அவர்களில் பெரும்பாலோர். காரணம் தெரிந்து முந்நூறு ஆண்டுகள் ஆகியும் காதுகள் போய்க்கொண்டிருக்கின்றன என்றால், குறை மருத்துவத்தில் இல்லை. நம் கவனத்தில் இருக்கிறது.

டெசிபல் என்னும் விசித்திரக் கணக்கு

இரைச்சலை அளக்கும் அலகு டெசிபல். இரண்டு பேர் அருகருகே நின்று சாதாரணமாகப் பேசினால் 60 டெசிபல் அளவில் இருக்கும். இந்த அலகு நாம் பள்ளியில் படித்த கூட்டல் கணக்குக்குக் கட்டுப்படாது. 90 டெசிபல் இரைச்சல் எழுப்பும் இயந்திரத்தின் பக்கத்தில் அதே போன்ற இன்னொன்றை ஓட்டினால் 180 ஆகாது, 93தான் ஆகும். பத்து இயந்திரங்கள் ஓடினால் 100 ஆகும். அதாவது 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிக்கிறது. 10 கூடினால் பத்து மடங்காகிறது. “90க்கும் 93க்கும் பெரிய வித்தியாசமா என்ன?” என்று ஒரு மேலாளர் கேட்டால், “ஆமாம் ஐயா, இரண்டு மடங்கு வித்தியாசம்” என்பதே பதில்.

இந்தக் கணக்கில் இன்னொரு பாடமும் உண்டு. ஒரு கூடத்தில் 100 டெசிபல் இயந்திரம் ஒன்றும் 90 டெசிபல் இயந்திரம் ஒன்றும் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்தால் 100ஐ விடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். சின்ன இயந்திரத்தை முழுவதுமாக நிறுத்தினாலும் கூடத்தில் யாருக்கும் மாற்றம் தெரியாது. ஆகவே எது பெரிய குற்றவாளி என்று முதலில் அளந்து கண்டுபிடிக்காமல் செலவு செய்வது, கடலில் பெருங்காயத்தைக் கரைப்பது போலத்தான்.

அளவு மட்டுமல்ல, எவ்வளவு நேரம் என்பதும் முக்கியம். இந்தியத் தொழிற்சாலை விதிகள் வழிவழியாக ஏற்றுக்கொண்டுள்ள அட்டவணை இது. ஒரு நாளில் காப்பு ஏதும் இல்லாமல் இருக்கத்தக்க அதிகபட்ச நேரம்:

90 டெசிபல் — 8 மணி நேரம்
95 டெசிபல் — 4 மணி நேரம்
100 டெசிபல் — 2 மணி நேரம்
105 டெசிபல் — 1 மணி நேரம்
110 டெசிபல் — அரை மணி நேரம்
115 டெசிபல் — கால் மணி நேரம்

115க்கு மேல் ஒரு நிமிடம்கூடக் கூடாது. சம்மட்டி அடி, வெடிச் சத்தம் போன்ற திடீர் ஒலிகளுக்கு உச்ச வரம்பு 140.

இந்த 90 என்ற எல்லை முழுப் பாதுகாப்பு தருவதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கத் தொழில்நலத் தேசிய நிறுவனம் 1998இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 90 டெசிபலில் 40 ஆண்டுகள் வேலை செய்பவர்களில் 100க்கு 25 பேருக்கு இரைச்சல் காரணமாகவே செவித்திறன் குறையும். 85 டெசிபல் என்றால் 100க்கு 8 பேர். அதனால் அந்நிறுவனம் 8 மணி நேரத்துக்கு 85 டெசிபலையே வரம்பாகப் பரிந்துரைக்கிறது. 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரத்தைப் பாதியாக்கச் சொல்கிறது. அந்தக் கணக்குப்படி 100 டெசிபலில் 15 நிமிடமே இருக்கலாம். நம் விதியில் அதற்கு 2 மணி நேரம்! பிரிட்டனில் 2005ஆம் ஆண்டு விதிகளின்படி 80 டெசிபலிலேயே தொழிலாளிக்கு விவரம் சொல்லிக் காதுக்காப்பும் தயாராக வைத்திருக்க வேண்டும். 85இல் கட்டாய நடவடிக்கை. ஆகவே நம் ஆலைகள் 90ஐ இலக்காகக் கொள்ளாமல், தாண்டக்கூடாத வேலியாக மட்டுமே கொள்வது நல்லது.

எப்படி அளப்பது?

சிமெண்ட் ஆலையையே எடுத்துக்கொள்வோம். குறிப்பிட்ட ஓர் ஆலையைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். சுண்ணாம்புக்கல்லை நொறுக்கும் கிரஷர், அதைப் பொடியாக்கும் ஆலை, சுமார் 1,450 டிகிரி வெப்பத்தில் கிளிங்கர் தயாரிக்கும் சூளை, அதைக் குளிர்விக்கும் ராட்சத விசிறிகள், கிளிங்கரை ஜிப்சத்தோடு சேர்த்து அரைக்கும் சிமெண்ட் ஆலை, காற்றமுக்க இயந்திரங்கள், மூட்டை கட்டும் பிரிவு என்று வரிசை நீளும். இவற்றில் பேர்போனது குண்டு ஆலை, அதாவது பால் மில். சுழலும் பெரிய எஃகு உருளைக்குள் எஃகுக் குண்டுகள் டன் கணக்கில் மேலேறி விழுந்து மோதும். அதன் அருகே 100 டெசிபல் சாதாரணம்.

அளவெடுப்பு மூன்று படிகளில் நடக்க வேண்டும்.

முதற்படி, கருவி இல்லாமல் ஆலையைச் சுற்றி வருவது. கை எட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அந்த இடம் 85 டெசிபலைத் தாண்டியிருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். ஷிப்ட் முடிந்து வருபவர்களிடம் காதில் ரீங்காரம் உண்டா என்று கேட்க வேண்டும். ஒரு ரூபாய் செலவில்லாத சோதனை இது.

இரண்டாம் படி, ஒலியளவி கொண்டு வரைபடம் தயாரிப்பது. மனிதக் காதைப் போலவே தாழ்ந்த ஒலிகளுக்கு மதிப்பைக் குறைத்துக் கணக்கிடும் ‘ஏ’ நிறையில் கருவியை வைக்க வேண்டும். அளக்கும் முன்பும் பின்பும் அளவொலி தரும் சிறு கருவியால் சரிபார்க்க வேண்டும். தொழிலாளி நிற்கும் இடத்தில், அவர் காது இருக்கும் உயரத்தில் அளக்க வேண்டும். மேலாளர் நிற்கும் வாசற்படியில் அளந்தால் அது வாசற்படியின் அளவுதான். எல்லா இயந்திரங்களும் முழுப்பளுவில் ஓடும்போது அளப்பதும் அவசியம். தணிக்கையாளர் வரும் நாளில் பாதி ஆலையை நிறுத்திவிட்டு அளப்பது, காய்ச்சல்காரன் பனிக்கட்டியைக் கடித்துக்கொண்டு வெப்பமானி வைப்பதற்குச் சமம். கிடைத்த எண்களை ஆலையின் வரைபடத்தில் குறித்து, 85க்கு மேல் மஞ்சள், 90க்கு மேல் சிவப்பு என்று வண்ணம் தீட்டினால், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் நிலைமை புரிந்துவிடும். கைபேசியில் இப்போது கிடைக்கும் ஒலியளவுச் செயலிகள் முதற்படிக்குக் கைகொடுக்கும். பதிவேட்டில் ஏற்றும் அளவுக்கு அவற்றை நம்பக் கூடாது.

மூன்றாம் படிதான் முக்கியம். இடத்தை அளந்தால் போதாது. ஆளை அளக்க வேண்டும். தொழிலாளி ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஓர் உதாரணம்: ஒருவர் தம் ஷிப்டில் 2 மணி நேரம் 100 டெசிபல் உள்ள ஆலைப் பகுதியிலும், 2 மணி நேரம் 95 டெசிபல் உள்ள விசிறிப் பகுதியிலும், மீதி 4 மணி நேரம் அமைதியான கட்டுப்பாட்டு அறையிலும் இருக்கிறார். 100 டெசிபலுக்கு அனுமதி 2 மணி நேரம். அவர் இருந்ததும் 2. ஆக ஒரு முழுப் பங்கு தீர்ந்தது. 95க்கு அனுமதி 4, இருந்தது 2, ஆக அரைப் பங்கு. கூட்டினால் ஒன்றரை, அதாவது 150 சதவீதம். ஒரு நாளைக்கு அவர் காது வாங்கத்தக்கதைப் போல ஒன்றரை மடங்கு வாங்கிவிட்டது. “பாதி நேரம் ஏசி அறையில்தானே உட்கார்ந்திருக்கிறார்” என்ற பேச்சுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. ஆலைப் பகுதியில் இருக்கும் நேரத்தை அரை மணியாகக் குறைத்தால் பங்கு 75 சதவீதமாகிறது. இந்தக் கணக்கைத் தானாகவே போட்டுத் தரும் சிறு கருவிகள் உண்டு. சட்டைத் தோளில் காதருகே மாட்டிக்கொண்டு ஷிப்ட் முழுவதும் வேலை பார்க்கலாம். அந்த எண்ணைத் தொழிலாளியிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். காது அவருடையது அல்லவா?

எப்படிக் குறைப்பது?

பெரும்பாலான இடங்களில் இரைச்சல் கட்டுப்பாடு என்றால், காதில் செருகும் அடைப்பானைக் கொடுத்துப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதோடு முடிந்துவிடுகிறது. வரிசையே தலைகீழ்! வீட்டுக்குள் தண்ணீர் கொட்டினால் முதலில் குழாயை மூட வேண்டும்; வாளியை எடுத்துக்கொண்டு ஓடுவது கடைசி வேலை. இரைச்சலிலும் முதலில் இயந்திரம், அடுத்து வழி, கடைசியில் மனிதன்.

இயந்திரத்தில் செய்யத்தக்கவை பல. குண்டு ஆலையின் உட்சுவரில் எஃகுத் தகடுக்குப் பதிலாக, ஏற்ற இடங்களில், ரப்பர்த் தகடு பதித்தால் மோதல் ஒலி நன்றாகக் குறைகிறது. கல் விழும் சரிவுக் குழாய்களின் உள்ளே ரப்பர் ஒட்டலாம். விழும் உயரத்தைக் குறைக்கலாம். ஊதுவிசிறி, காற்றமுக்க இயந்திரங்களின் வாய்க்கு ஒலிதணிப்பான் பொருத்தலாம். தேய்ந்த பேரிங், தளர்ந்த போல்ட், ஒழுகும் காற்றுக் குழாய் இவற்றைச் சரிசெய்வதற்குப் பெரிய முதலீடே வேண்டாம். பராமரிப்பு மட்டும் போதும். ‘புஸ்ஸ்’ என்று ஒழுகும் காற்றுக்காக மின்கட்டணமும் கட்டுகிறோம், காதையும் கொடுக்கிறோம். புது இயந்திரம் வாங்கும்போதே அதன் ஒலியளவை எழுத்தில் கேட்டு வாங்குவது எல்லாவற்றிலும் மலிவான வழி.

அடுத்தது வழி. இயந்திரத்துக்கும் மனிதனுக்கும் இடையே தடுப்பு, கூண்டு, ஒலியை உறிஞ்சும் சுவர்ப்பூச்சு. இங்கே ஒரு நுட்பம் உண்டு. எவ்வளவு தடித்த கூண்டு கட்டினாலும், அதன் பரப்பில் 100இல் ஒரு பங்கு திறந்திருந்தால் 20 டெசிபலுக்கு மேல் குறையாது. கதவிடுக்கும் கேபிள் துளையும் வழியாக இரைச்சல் தண்ணீரைப் போல ஒழுகி வந்துவிடும். காற்றுக்காகக் கூண்டுக் கதவைத் திறந்து போட்டால் கூண்டே இல்லை என்றுதான் பொருள். ஆகவே காற்றோட்டத்துக்கும் சேர்த்தே திட்டமிட வேண்டும். பெரிய இயந்திரத்தைக் கூண்டில் அடைக்க முடியாவிட்டால் மனிதனுக்கு ஓர் அறை கட்டலாம். இரட்டைக் கண்ணாடி ஜன்னலும் இடுக்கில்லாத கதவும் உள்ள அறை. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறைகிறது. சுவர்கள் எதிரொலிக்கும் கூடத்துக்குள் அவ்வளவு குறையாது.

காதடைப்பானின் கதை

மேற்சொன்ன எல்லாம் செய்தும் மீதி இருக்கும் இரைச்சலுக்கே காதுக்காப்பு. இதற்கு இந்தியத் தர நிர்ணயம் 1979 முதலே உண்டு, ஐ.எஸ். 9167 என்று பெயர். நூற்பாலைகளில் கையில் கிடைக்கும் பஞ்சைக் காதில் திணித்துக்கொள்ளும் பழக்கத்தை நாம் அறிவோம். சாதாரணப் பஞ்சு இரைச்சலைத் தடுப்பது மிகக் குறைவு; காப்பு இருக்கிறது என்ற பொய்த் தைரியத்தை மட்டும் தரும்.

நுரை அடைப்பானைச் செருகவும் ஒரு முறை உண்டு. சுத்தமான கையால் மெல்லிய குச்சிபோல் உருட்டி, மறுகையைத் தலைக்குப் பின்புறமாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். வெளியே துருத்திக்கொண்டிருந்தால் பயனில்லை. இதைப் பெட்டியில் போட்டுக் கொடுப்பதோடு விடாமல், ஆளுக்கு ஆள் செய்து காட்ட வேண்டும்.

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று. 25 டெசிபல் தடுக்கும் நல்ல காப்பை 8 மணி நேர ஷிப்ட் முழுவதும் அணிந்தால் 25 கிடைக்கும். அதே ஷிப்டில் அரை மணி நேரம் மட்டும் இரைச்சலுக்குள் கழற்றி வைத்தால், ஆற்றல் கணக்குப்படி மொத்தத்தில் கிடைக்கும் காப்பு சுமார் 12 டெசிபல்தான். பாதிக்கும் மேல் போய்விட்டது! “எப்பவும் போட்டுக்கிட்டுத்தானுங்க இருக்கேன், பேசறப்ப மட்டும் எடுப்பேன்” என்று சொல்லும் நண்பர்களுக்கு இந்தக் கணக்கைத் தயவுசெய்து சொல்லுங்கள். அதே சமயம் குற்றம் முழுவதையும் தொழிலாளி மேல் சுமத்துவதும் நியாயமில்லை. மே மாத வெயிலில், சூளைக்குப் பக்கத்தில், வியர்வையும் தூசியும் கலந்து காது அரிக்கும்போது யாரால் 8 மணி நேரம் அணிந்திருக்க முடியும்? லாரி பின்னால் வரும் ஒலியும் அபாயச் சங்கும் கேட்காமல் போய்விடுமோ என்ற அச்சமும் உண்டு. முதலில் இயந்திரம் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம். இயந்திரத்தில் குறைத்த 10 டெசிபல் கழற்றி வைக்க முடியாத 10 டெசிபல்.

சட்டம் சொல்வது

இரைச்சலால் வரும் செவிக்குறை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில் நோய்களுள் ஒன்றாக இடம்பெற்றது. 2020இல் நிறைவேறி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டத்தின் பட்டியலிலும் அது தொடர்கிறது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும், ஈ.எஸ்.ஐ. சட்டமும் இதைத் தொழில் நோயாக ஏற்றவையே. ஆகவே இது “வயசானா அப்படித்தான்” என்று ஒதுக்கிவிடும் சமாசாரம் அல்ல. இழப்பீடு கேட்கும் உரிமையுள்ள ஒரு நோய்.

ஆனால் உரிமையை நிலைநாட்டச் சான்று வேண்டும். அந்தச் சான்று செவிப் பரிசோதனைப் பதிவுதான். வேலையில் சேரும்போது ஒரு முறையும், பின்னர் ஆண்டுக்கு ஒரு முறையும் செவித்திறனைச் சோதித்து எழுதி வைக்க வேண்டும். முந்தைய நாள் இரைச்சலின் களைப்பு நீங்கிய பிறகு, ஓய்வுக்குப் பின் சோதிப்பதே சரி. வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம் விழ ஆரம்பித்தால் அது எச்சரிக்கை மணி. பேச்சு பாதிக்கப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்தப் பள்ளம் தெரியும். அப்போதே வேலையிடத்தைச் சீர் செய்தால் மிச்சமுள்ள காதைக் காப்பாற்றிவிடலாம். முதல் நாள் பதிவு இல்லாதவர் பின்னாளில் எதை வைத்து ஒப்பிடுவார்?

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். தொழிற்பகுதியில் பகலில் 75, இரவில் 70 டெசிபல் என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்வது ஆலைக்கு வெளியே உள்ள சுற்றுப்புறத்துக்கு. ஆலைக்குள் இருக்கும் தொழிலாளிக்கு மேலே சொன்ன நேர அட்டவணை. முன்னதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பார்க்கும். பின்னதைக் கேரளத்தில் தொழிற்சாலைகள், கொதிகலன்கள் துறையும், தமிழ்நாட்டில் தொழிலகப் பாதுகாப்பு, சுகாதார இயக்ககமும் பார்க்கின்றன. எல்லைக்கு இந்தப்புறம் குடியிருந்து அந்தப்புறம் வேலை செய்பவர்களும், அதற்கு நேர்மாறானவர்களும் எந்த அலுவலகத்தை அணுகுவது என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது. குடியிருப்பு எங்கே என்பது கணக்கல்ல. ஆலை எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்தின் துறையே பொறுப்பு.

நாம் செய்யக் கூடியவை

சங்கம் என்ற முறையில் நாம் இதில் என்ன செய்யலாம்? பொங்கல் விழாவும் ஆண்டு விழாவும் நடத்துகிறோம். இலவசக் கண் சிகிச்சை முகாமும் நடத்துகிறோம். கண்ணுக்கு முகாம் போடும் நாம் காதுக்கு ஒன்று போட்டதுண்டா? ஓய்வு பெற்ற ஆலைத் தொழிலாளர்களை அழைத்து, தகுதியுள்ள செவிப் பரிசோதகரைக் கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை செலவிட்டால் போதும்.

இரண்டாவது, மொழி. தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குப் புரியும் மொழியில் அறிவிப்பு வைக்க வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உள்ள நெறி. வாளையார், கஞ்சிக்கோடு போன்ற இடங்களில் மலையாளம், தமிழ் இரண்டும் தேவை. இன்று வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வரும் தொழிலாளர்களுக்காக இந்தி, வங்காளம், ஒடியாவும் தேவை. நாம் பிழைப்புக்காக வெளியூர் போனபோது நம் மொழியில் ஒரு பலகை இல்லையே என்று ஏங்கியவர்கள். அந்த ஏக்கம் அவர்களுக்கும் இருக்கும். எச்சரிக்கைப் பலகைக்குத் தமிழ் வாசகம் எழுதித் தர நம் உறுப்பினர்கள் முன்வரலாம்.

மூன்றாவது, இன்று ஆலையில் இருக்கும் இளைஞர்களிடம் பேசுவது. “பழகிப் போச்சுங்க, இப்பல்லாம் சத்தமே தெரியறதில்லை” என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால் சிரித்துவிட்டு விடாதீர்கள். காது பழகுவதில்லை, போய்க்கொண்டிருக்கிறது என்று எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி என்றே ஓர் அதிகாரம் வைத்தவர் நம் வள்ளுவர். கேட்டறிவதை அவ்வளவு உயர்த்திப் பேசிய மரபில் வந்த நாம், கேட்கும் கருவியைக் காக்காமல் விடுவது அழகல்ல.

சென்ற மாதம் பெரியப்பாவோடு வாளையார் அணைப் பக்கம் போயிருந்தேன். சாயங்காலம். காட்டோரத்தில் சில்வண்டுகள் காதைத் துளைத்தன. உச்ச ஒலியில் பாடுபவை அவை. “எத்தனை அமைதியா இருக்குது பாரு கண்ணு” என்றார் அவர். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்து, நிதானமாக, “ஆமாம் பெரியப்பா” என்றேன்.